உள்ளரங்கச் சைக்கிள் தளத்துக்கு ஊரைத் திரட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் உள்ளரங்கச் சைக்கிள் பந்தயத் தளம் வேண்டும் என்று பேசும் இளைஞர்களை இப்போது அடிக்கடி சந்திக்கிறேன். 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி, சென்னையோடு மதுரையிலும் நடந்தது. ஹாக்கிக்கு முடிந்தது சைக்கிளுக்கு ஏன் முடியாது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விளையாட்டுக் கூடங்களுக்காக மேலூர், திருமங்கலம் பக்கமெல்லாம் ரசீதுப் புத்தகத்தோடு நடந்தவன் நான். இவர்கள் திட்டத்தை விரித்துச் சொல்லும்போது, எங்கள் குழு அன்று தடுக்கி விழுந்த இடங்களிலேயே இவர்களும் கால் வைப்பது தெரிகிறது. வசூலித்த பணத்துக்குக் கணக்கு எழுதுங்கள், ரசீது கொடுங்கள் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

250 மீட்டர்தான் வேண்டும் என்ற பிடிவாதம்

ஒலிம்பிக் தளத்தின் சுற்று 250 மீட்டர். மரப்பலகைத் தரை, வளைவுகளில் ஏறத்தாழ 42 டிகிரி சாய்வு. 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் கட்டியது அந்த வகைதான். எல்லாக் குழுவும் அப்படிப்பட்ட படத்தைத்தான் ஃப்ளெக்ஸில் போடுகிறது. அங்கே செலவை ஏற்றுவது பலகை மட்டுமல்ல. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் அத்தனை அகலத்துக்கும் கூரை போட்டாக வேண்டும்.

சிறிதாகத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில், பழைய ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குள் 138 மீட்டர் தளம் போட்டு 2005-இல் ஓட்டத் தொடங்கினார்கள். அதே நாட்டில் பர்னபியில் 200 மீட்டர் உள்ளரங்கத் தளத்தை ஒரு சைக்கிள் கிளப்பே நடத்துகிறது. சுற்று குறையக் குறைய வளைவு செங்குத்தாகும், உலகப் போட்டி நடத்த முடியாது. ஆனால் பிள்ளைகள் பழகலாம், ஊர் வந்து பார்க்கலாம். பழைய மில்லையோ குடோனையோ பார்க்கப் போனால் முதலில் தூண்களைப் பாருங்கள். இருபதடிக்கு ஒரு தூண் நின்றால் அது தளத்துக்கு ஆகாது.

இன்னொன்று. பணம் தரக்கூடியவர்களில் பெரும்பாலோர் சைக்கிள் தளத்தை நேரில் பார்த்ததே இல்லை. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி வளாகத்தில் திறந்தவெளித் தளம் இருக்கிறது. அனுமதி வாங்கி நாலு பேரை அங்கே கூட்டிப் போங்கள். சாய்வுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று அவர்களுக்கே புரிந்துவிடும்.

இடம் கைக்கு வருமுன் கட்டிட நிதி வசூலிப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் வரும்.

நாங்கள் உள்ளரங்கக் கூடம் ஒன்றுக்காக அலைந்த காலத்தில், ஒரு பள்ளி நிர்வாகி தம் வளாகத்துப் பின்பக்க இடத்தைக் காட்டி, "எடுத்துக்கங்க தம்பி, யார் கேட்கப் போறா?" என்றார். மனதாரத்தான் சொன்னார். அந்த வாரமே ரசீதுப் புத்தகம் அடித்தோம். மேலே கொட்டை எழுத்தில் "கட்டிட நிதி". மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை கடையாகப் போனோம். லேத் பட்டறைக்காரர்கள் கொடுத்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் உண்டியலே வைத்தார்கள். பேரன் விளையாடுவான் என்று ஒரு அம்மா மல்லிகை விற்ற காசை எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுத்தார். அப்புறம் அந்த அறக்கட்டளையில் நிர்வாகம் மாறியது. புதிதாக வந்தவர்கள், தீர்மானம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

பணம் வங்கியில் பத்திரமாக இருந்தது, ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனாலும் அதைத் தொட முடியவில்லை. கட்டிடத்துக்கென்று வாங்கிய காசைக் கோச் சம்பளத்துக்கோ சைக்கிளுக்கோ திருப்பினால், கொடுத்தவரை ஏமாற்றியதாகிவிடும். திருப்பிக் கொடுக்கப் போனால், கொடுத்ததை வாங்க மாட்டேன் என்றார்கள் சிலர். வேறு சிலர், வட்டி எங்கே என்றார்கள். உண்டியலில் போட்டவர்களை எங்கே போய்த் தேடுவது? பின்னாளில் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் வாங்க அதே தெருக்களுக்குப் போனபோது, "முதல்ல அது என்னாச்சுண்ணே?" என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்வி ஓய வருடக்கணக்காயிற்று. நாங்கள் இழந்தது மறுபடி போய்க் கேட்கும் உரிமையை.

அதனால் இடத்தைப் பற்றி இவற்றை முடித்துவிட்டு வசூலுக்குப் போங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றில் என்ன இருக்கிறது, வருவாய்ப் பதிவேட்டில் அது என்ன வகை நிலம் என்று பாருங்கள். கண்மாய், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். அறக்கட்டளை நிலமானால் அறங்காவலர்களின் தீர்மானம் எழுத்தில் வேண்டும். மதுரையைச் சுற்றிக் கோயில் நிலம் நிறைய. ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகை என்றால் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் செல்லாது. கோயில் நிர்வாகி தலையசைத்தது போதாது. தனியார் இடமானாலும் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். சைக்கிள் தளம் பிரித்து எடுத்துப் போகிற பந்தல் இல்லை. முப்பது வருடக் குத்தகைக்குக் குறைந்து நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதெல்லாம் முடிய வருடம் ஆகும், அதுவரை உற்சாகம் தாங்காது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் பயிற்சிக்கும் கேளுங்கள். வாங்கியதை ஆறு மாதத்தில் கண்ணில் காட்ட முடிகிற எதற்கும் கேளுங்கள். கட்டிடத்துக்கு மட்டும் கேட்காதீர்கள்.

ஒரே ஆள் பெயரில் கணக்கு

கூடாது. இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு காசோலையும் போகக் கூடாது.

நோட்டீஸில் யார் பெயர் முதலில்

அகர வரிசை. பேச்சுவார்த்தையே வேண்டாம்.

பிரேக் இல்லை என்பதைச் சொல்லாமல் விடுவது

தளத்தில் ஓட்டும் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. பின்சக்கரமும் பெடலும் ஒன்றாகவே சுழலும், காலை நிறுத்தி உருள முடியாது. ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளைக் கொண்டுவந்து இதில் ஓட்ட முடியாது என்பதும் இதனால்தான். பெற்றோர் இதை வேறு யார் வாயிலாவது கேட்டால் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். முதல் கூட்டத்திலேயே நீங்களே சொல்லுங்கள், காரணத்தையும் சேர்த்து: கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் திடீரென்று நிறுத்தினால் பின்னால் வருபவர் மோதுவார். அந்தத் திடீர் நிறுத்தமே இங்கே கிடையாது. லாரியும் இல்லை, குறுக்கே பாயும் நாயும் இல்லை. பெண் பிள்ளைகளை விடியற்காலையில் நத்தம் சாலைக்கு அனுப்பத் தயங்கும் அம்மாக்களுக்கு, உள்ளரங்கத் தளத்தின் சார்பாகச் சொல்ல இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கம்பெனிகளிடம் கட்டிடத்தைக் கேட்பது

2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிக்குச் செலவிடலாம் என்று அந்தச் சட்டம் தரும் பட்டியலில் விளையாட்டு பற்றிய வரி "பயிற்சி" என்று தொடங்குகிறது. கிராம விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு இவற்றுக்கான பயிற்சி. ஆகவே கோச், சைக்கிள், பிள்ளைகளின் பயணச் செலவு என்று கேட்டால் கோப்பு நகரும். இந்தச் சமூகப் பணி நிதியை (சி.எஸ்.ஆர்) வாங்க, உங்கள் அமைப்பு சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தனிநபர்களிடம் வரிக்கழிவு பற்றிப் பேசும்போது இரண்டு விஷயத்தை மறைக்காதீர்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் இல்லை.

நமக்கு நாமே திட்டத்தைக் கடைசியில் நினைப்பது

மக்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு போடும் திட்டம் இது. தளம் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும், தனியார் நிலத்தில் எழுப்பிவிட்டுக் கேட்க முடியாது. அதனால் இடம் தேடும்போதே ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

கட்டிடம் வரும்வரை சும்மா இருப்பது

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையும் குறையும். சைக்கிள் நகராமல் சக்கரம் மட்டும் சுழல வைக்கும் ரோலர் மேல் நாலு சைக்கிளை ஏற்றி அங்கே போட்டி வையுங்கள். நின்ற இடத்திலேயே மிதிக்கிறார்கள் என்றாலும் கூட்டம் கத்தும். வருகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் பள்ளியையும், பெற்றோர் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை பேர் ஓட்டப் போகிறார்கள் என்று அதிகாரி கேட்கும்போது, அந்த நோட்டை மேசை மேல் வைக்க வேண்டும்.