கடலில் எவ்வளவு உப்பு? அடுப்பங்கரையில் அளந்து பார்ப்போம்

உலகக் கடல்களின் சராசரி உப்பு கிலோவுக்கு சுமார் 35 கிராம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு தடவை நம் கையாலேயே அளந்துவிட்டால் அந்த எண் மறக்கவே மறக்காது.

முதலில் தண்ணீர். ஆற்று முகத்துவாரத்தை விட்டுத் தள்ளிப் போய், ஒரு பெரிய பாட்டில் நிறைய எடுங்கள். வீட்டில் மணல் அடியில் தங்கியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

அடுத்து எடை. எவர்சில்வர் பாத்திரத்தை வெறுமையாக டிஜிட்டல் தராசில் வைத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் சரியாக 1000 கிராம் கடல்நீர் ஊற்றுங்கள். லிட்டர் கணக்கில் அளக்காதீர்கள். ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1025 கிராம் இருக்கும்.

இப்போது கொதிக்க விடுங்கள். நீர் கால் பங்காக வற்றியதும் அடுப்பை சிம்மில் வையுங்கள். கூழாக வரும்போது உப்பு படபடவென்று தெறிக்கும். தெறித்து வெளியே போன ஒவ்வொரு துளியும் கணக்கில் குறையும், அதனால் பாதி மூடி வையுங்கள். கடைசி ஈரத்தை வெயிலில் காயவிடுவது நல்லது. பிறகு மொத்த எடையிலிருந்து பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள்.

38, 40 என்று வந்தால் பதற வேண்டாம். உங்கள் கை தவறவில்லை. கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். காய்ந்த உப்பு ஆறியதும் மறுபடி பிசுபிசுப்பதைத் தொட்டே பார்க்கலாம். ரொம்பச் சூடாக்கினாலோ அது சிதைந்து, ஒரு பகுதி அமில ஆவியாகப் போய்விடும். அறிவியலாளர்கள் காய்ச்சும் முறையைக் கைவிட்டதற்குக் காரணமே இதுதான். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை வேதியியலாளர் டிட்மார் ஆராய்ந்தார். எந்தக் கடலானாலும் முக்கிய உப்புகளின் விகிதம் ஏறக்குறைய ஒன்றே என்று உறுதியானது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது. குளோரைடை மட்டும் அளந்தால் மொத்த உப்பும் தெரிந்துவிடுகிறதே! இப்போது அதையும் விட்டு, நீரின் மின்கடத்தும் திறனிலிருந்து கணக்கிடுகிறார்கள்.

சரி, உலகச் சராசரி? செங்கடலின் 40-ஐயும் பால்டிக் கடலின் 7-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 23.5 வரும். அது தப்பு. எந்தக் கடலில் எவ்வளவு நீர் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். உலகக் கடல்நீரில் ஏறக்குறைய பாதி பசிபிக்கில் இருக்கிறது. இந்த இரண்டு கடல்களும் அதன் முன் சிறு துளிதான். மழையும் ஆறும் மேற்பரப்பை மட்டுமே மாற்றும். ஆழத்தில் பெரும்பாலும் 34.6-க்கும் 34.9-க்கும் இடையில்தான். அதனால் சராசரி 34.7 அளவில் நிற்கிறது. 2000 மீட்டர் வரை இறங்கி ஏறும் ஆர்கோ மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை இதை அளந்து அனுப்புகின்றன.

வங்காள விரிகுடாவில் எடுப்பவர்கள் தேதியையும் பாட்டிலில் எழுதி வையுங்கள். மழைக்காலத்துக்குப் பின் கங்கை, பிரம்மபுத்திரா நீர் கரையோரமாகத் தெற்கே இறங்கி வரும். டிசம்பர் உப்பும் மே மாத உப்பும் ஒன்றாக இருக்காது.