பல் நாற்காலியில் அடம்பிடிக்கும் குழந்தை: பெற்றோர் முன்கூட்டியே பேச வேண்டியவை

பென்னாகரத்திலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தருமபுரிக்குப் பேருந்து ஏறி வரும் பெற்றோர், குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டதும், "பிடித்துக்கொண்டாவது இன்றைக்கே முடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுவது இயல்புதான். ஆனால், குழந்தையைப் பிடித்துக்கொள்வதற்கு எந்த அளவுக்குச் சம்மதம் என்ற முடிவை அழுகைக்கு நடுவே எடுக்காமல், சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் பேசி எடுக்க வேண்டும்.

வீட்டில், "சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்வேன்" என்ற மிரட்டலை அடியோடு நிறுத்துங்கள். "வலிக்கவே வலிக்காது" என்று சத்தியமும் செய்யாதீர்கள். "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பார்" என்பதே போதும்.

என் மகளுக்கு ஐந்து வயதில் கடைவாய்ப் பல் சொத்தையானபோது, ஓரிடத்தில் என்னை வெளியே நிறுத்திவிட்டு இருவர் அவள் கைகாலை அழுத்திப் பிடித்தார்கள். அதன்பின் பல் துலக்கக்கூட அவள் வாய் திறக்கவில்லை. அடுத்துச் சென்ற மருத்துவரோ, சுழலும் சிறு தூரிகையை முதலில் அவளுடைய கட்டைவிரல் நகத்தில் ஓட்டிக் காட்டினார். கூச்சத்தில் விரலை இழுத்துக்கொண்டவள், சற்று நேரத்தில் தானே அடுத்த விரலை நீட்டினாள். இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவதாகச் சொன்னவர், அவள் தூக்கிய இரண்டு முறையும் நிறுத்தினார். சொல்லி, காட்டி, பிறகு செய்யும் இந்த முறையையே பெற்றோர் பெரிதும் ஏற்கிறார்கள் என்றும், கட்டிப்போடுவதை மிகக் குறைவாகவே ஏற்கிறார்கள் என்றும் பெற்றோரிடம் நடத்திய ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. அழும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தும் பழைய முறையை, அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகம் 2006இல் தன் வழிகாட்டுதலிலிருந்தே நீக்கிவிட்டது.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: நான் உள்ளே இருக்கலாமா, பிடிக்க நேர்ந்தால் முதலில் என்னிடம் சொல்வீர்களா, இந்தப் பல்லுக்கு இன்றே சிகிச்சை செய்தாக வேண்டுமா? முகம் வீங்கியிருந்தால், அதிலும் காய்ச்சலும் இருந்தால், தள்ளிப்போடக் கூடாது; மற்றபடி இன்னொரு முறை பேருந்து ஏறுவது நட்டமில்லை. "பால் பல் தானே, விழுந்துவிடும்" என்று அப்படியே விட்டுவிடவும் கூடாது, கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை.

முழு மயக்கத்தில்தான் செய்ய முடியும் என்றால், பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பே உணவையும் 2 மணி நேரத்துக்கு முன்பே தண்ணீரையும் நிறுத்தச் சொல்வார்கள். வழியில் ஒரு பிஸ்கட் தின்றிருந்தாலும் மறைக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டிருந்தால், மரப்பு விலகும்வரை குழந்தை உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.