கீசர் புகை அறைக்குள் திரும்பினால்

எரிவாயு கீசரின் சுடர் மஞ்சளாக ஆடியது, மேல்மூடியில் கரி. அரைகுறையாக எரிகிறது, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது என்று அர்த்தம். மெக்கானிக் பர்னரில் இருந்த தூசியை எடுத்ததும் சுடர் நீலமானது. பலரும் இத்தோடு விட்டுவிடுவார்கள், அது போதாது. ஜன்னல்களை மூடி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, 5 நிமிடம் கீசரை ஓடவிட்டு, புகைபோக்கித் தொடக்கத்தில் ஊதுபத்தியைக் காட்டினேன். புகை மேலேறாமல் அறைக்கே திரும்பியது. ஃபேன் தள்ளும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று வர வழியில்லாததால், புகைபோக்கி வழியாகவே காற்று இறங்கியது. கீசரை உடனே நிறுத்தி, ஜன்னலைத் திறந்தாயிற்று.

சுவரில் மூடவே முடியாத காற்றுத்துளை போட்டபின், அதே சோதனையில் புகை மேலேறியது.

படுக்கையறை வாசலில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டினேன். காற்றில் அந்த வாயு 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) இருந்தால் அலாரம் 4 முதல் 15 நிமிடத்தில் அலறும். 70 பிபிஎம்மில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். எனவே தலைவலி, குமட்டல் வந்தால் அலாரத்துக்குக் காத்திராமல் வெளியேறுங்கள். சோதனைப் பொத்தான் சென்சாரைச் சோதிக்காது. பின்பக்கக் காலாவதித் தேதியைப் பாருங்கள்.