ரெய்டு லூட் பிரிப்பதில் கில்டுகள் செய்யும் தவறுகள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில், மோல்டன் கோர் என்ற இடத்துக்குள் 40 பேர் சேர்ந்து ரெய்டு (கூட்டுத் தாக்குதல்) போவார்கள். பாஸ் (பெரிய எதிரி) விழுந்தால் லூட்டாகக் கிடைப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய பொருட்கள். அன்றிரவு பெரும்பாலானோர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "அவருக்கு ஏன் கொடுத்தீங்க?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும்போதுதான் கில்டு (சேர்ந்து விளையாடும் குழு) உடைகிறது.

பொருள் விழுந்த பிறகு விதி பேச உட்காருவதுதான் பெரிய தவறு. தண்டர்ஃப்யூரி வாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான இரண்டு பாதிகளில் ஒன்று 'கார்' என்ற பாஸிடமும் மற்றது 'பேரன் கெடான்' என்ற பாஸிடமும் விழும். மாதக்கணக்கில் விழாமலே போவதும் உண்டு. வாளுக்கு இரண்டும் ஒரே ஆளிடம் சேர வேண்டும். யாருக்கு என்று முன்பே முடிவு செய்யாமல் ரோல் போட்டால் (பகடை போல எண் உருட்டினால்), ஆளுக்கொரு பாதியாகப் போய் இருவருக்குமே வாள் இல்லாமல் போகும்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் விளையாட்டில் டிராகன்களைக் கொன்ற கில்டுகள் தொடங்கிய முறை இது. டிகேபி என்ற பெயரே 'டிராகன் கில் பாயிண்ட்ஸ்' என்பதன் சுருக்கம். ரெய்டுக்கு வந்தால் புள்ளி ஏறும், பொருள் வாங்கினால் குறையும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரம் 20 புள்ளி என்றால், செலவே செய்யாமல் பதுக்கும் ஒருவரிடம் 26 வாரத்தில் 520 சேர்ந்துவிடும். 10 வாரமாக வரும் புதியவரிடம் இருப்பது 200. நல்ல வாள் எப்போது விழுந்தாலும் அவர் தோற்பார். கொஞ்ச நாளில் வருவதையே நிறுத்திவிடுவார்.

இதற்கு மருந்து, வாராவாரம் எல்லோரிடமிருந்தும் ஒரு பங்கைக் கழிப்பது. 10 சதவீதம் கழித்தால் எத்தனை வருடம் பதுக்கினாலும் 200-ஐத் தாண்ட முடியாது. அதே 26 வாரத்தில் பழையவரிடம் சுமார் 187, 10 வாரத்தில் புதியவரிடம் 130. பழையவர் முன்னால்தான் இருக்கிறார், ஆனால் எட்டிப்பிடிக்கும் தூரத்தில். நான் ஒரு கில்டில் சேர்ந்தால் முதலில் கேட்பது இந்தக் கழிவைத்தான்.

லூட் கவுன்சில் என்ற இன்னொரு முறையில் கில்டை நடத்தும் ஆஃபீசர்கள் கூடிப் பேசிக் கொடுப்பார்கள். திறமையான முறைதான், மூடிய அறைக்குள் நடத்தினால் விஷம். ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை ஒரு வரியிலாவது எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள். தனக்கோ தன் நண்பருக்கோ வேண்டிய பொருள் பேச்சுக்கு வந்தால் அந்த ஆஃபீசர் விலகி இருக்கட்டும்.

பொருளை விளையாட்டுக்குள் புழங்கும் தங்கத்துக்கு ஏலம் விட்டு, பணத்தை எல்லோருக்கும் பிரிக்கும் ஜிடிகேபி தனி ரகம். வெளியே நிஜக் காசு கொடுத்துத் தங்கம் வாங்குபவர்களுக்கே அது சாதகமாகிறது. இந்த விளையாட்டின் சீசன் ஆஃப் டிஸ்கவரி என்ற பதிப்பில் 2024-இல் அதைத் தயாரிக்கும் பிளிசார்ட் நிறுவனம் ஜிடிகேபியைத் தடை செய்தது சரி என்பதே என் எண்ணம்.

ரெய்டில் இடம் கிடைக்காமல் பெஞ்சில் இருப்பவர்களைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். எங்கள் கில்டில் ஒரு ஹீலர் (மற்றவர்களின் காயம் ஆற்றுபவர்) மூன்று வாரம் தயாராகக் காத்திருந்தார். இடமில்லை என்றோம், புள்ளியும் தரவில்லை. நான்காவது வாரம் அவர் வரவில்லை. அதற்குப் பிறகு, அழைப்பு நேரத்தில் ஆன்லைனில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், உள்ளே வந்தாலும் வராவிட்டாலும், முழுப் புள்ளி எழுதுகிறோம்.