காளைக்கு மடி இருந்தால் என்ன செய்வது? பிள்ளைகளோடு விலங்குப் படம் பார்க்கிறவர்களுக்கு

முழுப் பரீட்சை லீவுக்குப் பிள்ளைகள் காங்கேயம் வந்துவிட்டால், எங்கள் தோட்டத்து வீட்டு டிவியில் சிங்கமும் மீனும் முயலும்தான். போன வருசம் 'பார்ன்யார்டு' என்று ஒரு 2006 படம் போட்டோம். அதில் ஓட்டிஸ் என்கிற நாயகன் ஆண் மாடு. ஆம்பளைக் குரலில் பேசிக்கொண்டு, இரண்டு காலில் நடந்துகொண்டு, முன்னால் பெரிய மடியோடு வரும். "இந்தக் காளைக்கு மடி இருக்குதுங்க அப்பாரு" என்றாள் அண்ணன் மகள். அவள் தாத்தாவான எங்கப்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வேளைக்கு எத்தனை லிட்டரு கறக்கும்ணு கேளு கண்ணு" என்றார்.

கட்டுத்தரையில் மாடு நிற்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது தெரிகிறது. மற்றதெல்லாம் தெரிய நாம்தான் கொஞ்சம் கூட உட்கார வேண்டும்.

முதலில், படத்தை நிறுத்தி நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள், பிள்ளை எழுந்து போய்விடும். அதற்குப் பதில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்: இந்தப் பக்கம் ஆண் குரல், அந்தப் பக்கம் பெண் குரல், புதிதாக ஒரு பிராணி வாய் திறந்தால் ஒரு புள்ளி. அம்மா, ஜோடி, அப்புறம் ஒரு பாட்டி, அதோடு பெண் பக்கம் நின்றுவிடுகிற படங்கள் நிறைய. அப்போது நிஜத்தைச் சொல்லலாம். தேன் சேர்க்கப் போகிற தேனீ அத்தனையும் பெண். 2007-இல் வந்த 'பீ மூவி'யில் அந்த வேலைக்குப் போகிறவர்கள் ஆம்பளைத் தேனீக்கள். சிங்கக் கூட்டத்திலும் பெரும்பாலும் வேட்டைக்குப் போவது பெண் சிங்கங்கள்தான்.

அடுத்தது பேச்சு. எனக்கு இதுதான் ரொம்ப உறுத்தும். தமிழ் டப்பிங்கில் நாயகன் ஊர் பேர் இல்லாத சுத்தமான தமிழ் பேசுவான், கூட வருகிற குண்டுப் பன்றியோ திருட்டுக் காக்காயோ ஏதாவது ஒரு வட்டார வழக்கில் இழுக்கும், "ஏனுங்" என்றாலே சிரிப்பு வர வேண்டும் என்பதுபோல. "நம்மளாட்டம் பேசறது யாரு கண்ணு? அது நல்லதா, கோமாளியா?" என்று கேட்டுப் பாருங்கள். இங்கிலீசிலும் இதே கதைதான்: 1994 'லயன் கிங்'கில் கழுதைப்புலிகளுக்குக் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பர்க்கும் மெக்சிகோ வம்சாவளி நடிகர் சீச் மாரினும் குரல் கொடுத்தார்கள், இருட்டில் வாழ்கிற கெட்டவர்களுக்கு மட்டும் கறுப்பர், லத்தீன் அமெரிக்கர் பேச்சா என்று அங்கேயே விமர்சனம் வந்தது.

உடம்பைப் பற்றியும் கேளுங்கள். 'லயன் கிங்'கில் வில்லன் பேரே 'ஸ்கார்', அதாவது தழும்புதான். 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'வில் குட்டி மீனுக்கு வலப்பக்கத் துடுப்பு சிறிசு, கடைசி வரை அது சிறிசாகவே இருக்கிறது, மந்திரம் போட்டுச் சரிபண்ணவில்லை. அதற்காகவே எனக்கு அந்தப் படம் பிடிக்கும்.

'ஜூடோபியா'வில் (2016) மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. நரியைக் கண்டால் முயல் சந்தேகப்படுவது தப்பு என்று, மனிதரை மனசில் வைத்துச் சொல்கிற நல்ல சேதிதான். ஆனால் நிஜ நரி முயலைத் தின்னும். முயலின் பயத்தில் நியாயம் உண்டு. மனிதருக்குள் பார்க்கிற வேற்றுமையில் அப்படி ஒரு நியாயமும் கிடையாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் பிள்ளை தலைகீழாகப் புரிந்துகொள்ளும்.

படம் முடிந்ததும் ஒரு கதை கட்டச் சொல்லுங்கள், நம் பக்கத்துப் பிராணிகளை வைத்து. வால்பாறை சிங்கவால் குரங்கு, ஆனைமலை வரையாடு, செவலையாகப் பிறந்து பிறகு நிறம் மாறுகிற காங்கேயம் கன்று, எது வேண்டுமானாலும். எங்கள் வீட்டில் நாயகி எருமை. குரல் கொடுக்க அண்ணன் மகள் அப்பாருவைக் கூப்பிட்டாள்.

"நாம் பேசுனா எல்லாரும் சிரிப்பாங்களே சாமி?"

"எருமையும் நம்மூருதானுங்க அப்பாரு."