வீட்டு ஃபோன் சர்வரில் எந்தக் கதவெல்லாம் திறந்து கிடக்கிறது?

சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்டில் எங்கள் வீவக வீட்டில், தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி. அதில் வீட்டுத் தொலைபேசிகளை இணைத்து அழைப்புகளை நடத்தும் ஆஸ்டெரிஸ்க் நிரல். சமையலறையில் ஒரு மேசைத் தொலைபேசி, அப்பா அறையில் ஒன்று, என் கைப்பேசியில் ஒரு செயலி, வெளியிலிருந்து கூப்பிட 3-இல் தொடங்கும் ஓர் இணையத் தொலைபேசி எண். அவ்வளவுதான். ஆனால் முதன்முதலில் எட்டிப் பார்த்தபோது, 14 சேவைகள் யாராவது கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில்தான் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் மெமரி கார்டை அப்படியே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அப்புறம் சூடோ (நிர்வாகி உரிமையோடு இயக்கும் சொல்) போட்டு, எஸ்எஸ் என்ற கட்டளை. அதோடு ஒரு கழித்தல் குறி, ஒட்டியே டி, யு, எல், பி, என். எந்த நிரல் எந்த போர்ட்டில், அதாவது எந்த எண்ணுள்ள கதவில், காத்திருக்கிறது என்று பட்டியல் வரும். முகவரி 127.0.0.1 என்று தொடங்கும் வரிகள் அந்தப் பெட்டிக்குள்ளேயே பேசிக்கொள்பவை, அவசரமில்லை. 0.0.0.0, [::] அல்லது * என்று இருப்பவை வெளியே திறந்தவை.

நமக்கு வேண்டியது 5060 (அழைப்பு), 22 (எஸ்எஸ்ஹெச், வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி). குரல் போகும் 10000 முதல் 20000 வரையிலான போர்ட்டுகள் பேசும்போது மட்டும் திறக்கும், அதனால் பட்டியலில் காணோமே என்று பதற வேண்டாம். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போயிருந்தால் அதை நிறுத்தாதீர்கள்; உட்கார்ந்த கிளையை வெட்டின கதைதான்.

மற்றவற்றை ஒவ்வொன்றாக மூடலாம். என் பட்டியலில் இருந்தவை: 5353-இல் அவாஹி (வீட்டு வலையில் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க), 111-இல் ஆர்பிசிபைண்ட் (வலைவழிக் கோப்புப் பகிர்வு போன்றவற்றுக்குத் துணை), 5900-இல் விஎன்சி (திரையைத் தூரத்திலிருந்து பார்க்க). மூடும் கட்டளை: சிஸ்டம்சிடிஎல், டிஸேபிள், இரட்டைக் கழித்தல் குறியோடு நவ், கடைசியில் சேவையின் பெயர். நவ் சேர்த்தால் உடனே நிற்கும். சேர்க்காவிட்டால் அடுத்த முறை பெட்டியை இயக்கும்போதுதான். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. அவாஹி, ஆர்பிசிபைண்ட் இரண்டுக்கும் சாக்கெட் என்று ஒரு காவலாளி தனியாக இருக்கிறான். சேவையை மட்டும் நிறுத்தினால், ஏதாவது ஒரு நிரல் அந்தச் சாக்கெட்டைத் தட்டியதும் அவன் எழுப்பிவிடுவான். பெயருக்குப் பின்னால் புள்ளி, சாக்கெட் என்று சேர்த்து அதையும் நிறுத்துங்கள்.

அடுத்தது ஆஸ்டெரிஸ்க். மாதிரிக் கோப்புகளோடு நிறுவியிருந்தால், நாம் கேள்வியே படாத நெறிமுறைகளுக்கும் அது கதவு திறந்து வைத்திருக்கும்: 4569-இல் ஐஏஎக்ஸ்2, 4520-இல் டண்டி, பழைய பதிப்பென்றால் 2000-இல் ஸ்கின்னி, 2727-இல் எம்ஜிசிபி. கடைசி இரண்டும் 21ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டன. ஆஸ்டெரிஸ்கின் மாட்யூல்ஸ் (துணை நிரல்கள்) கோப்பில் நோலோட் என்று எழுதி, சமக்குறி போட்டு மாட்யூலின் பெயரைச் சேர்த்தால், அடுத்த முறை ஆஸ்டெரிஸ்க் தொடங்கும்போது ஏறாது. மற்ற நிரல்கள் ஆஸ்டெரிஸ்கைக் கட்டுப்படுத்தும் மேனேஜர் இடைமுகம், அதாவது 5038, இயங்கிக்கொண்டிருந்தால் அதை 127.0.0.1-க்குள் அடக்கிவிடுங்கள்.

ஒவ்வொன்றை மூடிய பிறகும் ஓர் அழைப்பு போட்டுப் பாருங்கள். அழைப்பு மட்டும் போதாது, தொலைபேசிகளையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 69-இல் இருந்த டிஎஃப்டிபியை (எளிய கோப்புப் பரிமாற்றச் சேவை) வேண்டாத சேவை என்று மூடினேன். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. ஒரு ஞாயிறு மதியம் வீட்டில் மின்சாரம் ட்ரிப் ஆனது. திரும்பி வந்ததும் சமையலறைத் தொலைபேசி எழவே இல்லை. தன் அமைப்புக் கோப்பை அது டிஎஃப்டிபி வழியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தது, அதுவும் ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போது மட்டும். அம்மாவுக்கு நான் சொன்ன விளக்கம் எதுவும் எடுபடவில்லை.

கடைசியாக ரௌட்டர். 5060-ஐ வெளியிலிருந்து உள்ளே அனுப்பும் விதி ஏதாவது போட்டிருந்தால் அழித்துவிடுங்கள், யுபிஎன்பியையும் (கருவிகள் தாமாகவே ரௌட்டரில் கதவு திறந்துகொள்ளும் வசதி) அணையுங்கள். இணையத்தில் 5060-ஐத் தேடியலையும் நிரல்களுக்கு ஓய்வே கிடையாது. 100, 101 என்று எண்களையும் கடவுச்சொற்களையும் ஊகித்து உள்ளே வந்து, கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு உங்கள் கணக்கில் பேசிவிடுவார்கள். நம் சர்வர் சேவை நிறுவனத்திடம் தானே போய்ப் பதிந்துகொள்ளும் வகையென்றால் அந்த விதி பெரும்பாலும் தேவையில்லை. பத்து நிமிடம் கழித்து கைப்பேசியிலிருந்து உங்கள் 3 எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். மணி அடிக்கவில்லையா? பதிவைப் புதுப்பிக்கும் இடைவெளியைக் குறைத்துவிட்டு மறுபடி அழையுங்கள்.