பழைய தேனீ மாதிரிகளை வைத்துச் சரிவைக் கணக்கிடுவது எப்படி?

நூறு வருடத்துக்கு முன்னால் எத்தனை தேனீக்கள் இருந்தன என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. ஆனால் அருங்காட்சியகப் பெட்டிகளில் ஊசி குத்தி வைத்த தேனீக்கள் இருக்கின்றன. எங்கே, எப்போது, யார் பிடித்தது என்ற விவரம் அடியில் ஒரு சின்னச் சீட்டில் இருக்கும். 2011-ல் பூச்சியியலாளர் சிட்னி கேமரூனின் குழுவினர் இப்படிப்பட்ட 73,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைப் புதிய களக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் பம்பிள்பீ என்ற பருத்த, ரோமம் அடர்ந்த தேனீக்களில் நான்கு இனங்களின் பங்கு, மொத்த பம்பிள்பீக்களோடு ஒப்பிட்டால், 96% வரை சரிந்திருந்தது தெரியவந்தது.

இதன் எளிய வடிவத்தை நாமே செய்து பார்க்கலாம். பாம்பஸ் அஃபினிஸ் என்ற பம்பிள்பீ இனத்தை எடுத்துக்கொள்வோம்.

1. தரவிறக்கம்
உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் (GBIF) தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். அஃபினிஸை மட்டும் தேடாதீர்கள். பாம்பஸ் பேரினம் முழுவதும், அதாவது எல்லா பம்பிள்பீ இனங்களும் வேண்டும். ஏன் என்பது கடைசிப் படியில் புரியும். பதிவு வகையில் பதப்படுத்திய மாதிரிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். செல்பேசிப் படங்களைக் கலந்தால் ஒப்பீடு கெட்டுவிடும். அஃபினிஸ் எந்த மாநிலங்களில் ஒருகாலத்தில் இருந்ததோ அவை மட்டும் போதும்.

2. தேதி
அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். எக்செலின் நாட்காட்டி 1900-ல்தான் தொடங்குகிறது. 1898-ல் பிடித்த தேனீயின் தேதி அதற்கு வெறும் எழுத்து. வரிசைப்படுத்தினால் தனியே ஒதுங்கிவிடும். எனவே முழுத் தேதியை விட்டுவிட்டு, ஆண்டுக்கென்று தனியாக இருக்கும் நெடுவரிசையையே பயன்படுத்துங்கள். ஆண்டு இல்லாத வரிகளை நீக்கிவிடலாம்.

சீட்டின் படம் கிடைத்தால் ஒரு தடவை பாருங்கள். பல சீட்டுகளில் மாதம் ரோமன் எண்ணில் இருக்கும்: 6.vii.1923 என்றால் ஜூலை 6, சந்தேகமே இல்லை. 6-7-23 என்றிருந்தால் ஜூனா ஜூலையா, எந்த நூற்றாண்டு என்பதெல்லாம் ஊகம்தான்.

என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு எக்செலே வேண்டாம். தரவைச் சுத்தம் செய்ய ஓப்பன்ரிஃபைன் என்ற மென்பொருள், கணக்குப் போட ஆர் (R) என்ற நிரல்மொழி. இரண்டுமே இலவசம்.

3. ஒரே நாள் வேட்டை
ஒருவர் ஒரே நாளில் ஒரே இடத்தில் ஐம்பது தேனீக்களைப் பிடித்திருப்பார். அவர் கூட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம். இனம், இடம், நாள், பிடித்தவர் நான்கும் ஒன்றாக இருக்கும் வரிகளை ஒரே பதிவாகச் சுருக்குங்கள்.

4. பங்கு
வெறும் எண்ணிக்கையை நம்பவே கூடாது. கற்பனையாக ஒரு கணக்கு: பழைய காலகட்டத்தில் 500 பம்பிள்பீக்களில் 40 அஃபினிஸ், பிந்தையதில் 3,000-ல் 60. எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் பங்கு 8%-லிருந்து 2%-க்கு விழுந்திருக்கிறது! கூடியது பிடித்தவர்களின் உழைப்பு, குறைந்தது தேனீ. பேரினம் முழுவதையும் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். காலகட்டங்களைச் சம வருடங்களாக வெட்டுவதைவிட, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு மாதிரி வரும்படி பிரிப்பதே எனக்குப் பிடித்த முறை.

பின்சேர்க்கை: "கோப்பைத் திறந்தால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் வருகிறது" என்று பலர் எழுதியிருந்தீர்கள். கோப்பின் பெயர் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த கோப்பு) என்று முடிந்தாலும் உள்ளே நெடுவரிசைகளைப் பிரிப்பது காற்புள்ளி அல்ல, டேப். ஆர் மொழியில் படிக்கும்போது மேற்கோள் குறிகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். இடக்குறிப்பில் ஒற்றை மேற்கோள் குறி மூடாமல் கிடந்தால் அடுத்து வரும் வரிகளையெல்லாம் விழுங்கிவிடும்.

இன்னொன்று: கடைசிக் காலகட்டத்தில் பூஜ்யம் வந்தால் இனமே போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். 2017-ல் அஃபினிஸ் அமெரிக்காவில் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதற்குப் பிறகு அனுமதியில்லாமல் அதைப் பிடிக்கவே முடியாது. பெட்டிக்குப் புது மாதிரி எங்கிருந்து வரும்? இந்தக் கணக்கை 2016-டன் நிறுத்திக்கொள்ளுங்கள்.